பின்னால் உட்கார்ந்து எண்ணுகிறவர்

போன வாரம் முழுக்க, இலங்கை மலையகத்தில் எங்கள் ஹட்டனில் மழை. சேர்ச் மண்டபத்துப் பியானோவில் நடுக்கட்டைகள் நாலைந்து, அழுத்தினால் அழுத்தியபடியே கிடந்தன. ஈரத்தில் மரம் உப்பினால் அப்படித்தான். டீச்சர் வழக்கம்போல கீழ்ப்பலகையைக் கழற்றி, உள்ளே ஒரு குண்டு பல்பை எரியவிட்டு மூடினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அது காயட்டும் தம்பி, இன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் வாசிங்க, நான் கேக்கிறேன்" என்றார். ஒரு மணி நேரம் நானும் பேஸ் வாசிக்கும் அண்ணனும் மட்டும், மெட்டு எதுவும் இல்லாமல், வெறும் நடையை வாசித்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, படுத்த பிறகும் அது கால் பெருவிரலில் ஓடிக்கொண்டே இருந்தது. ஜாஸில் டிரம்மர் ஒருவர் குழுவை நடத்துவது பற்றி ரொம்ப நாளாக எழுத நினைத்ததை இன்றைக்காவது எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

நாங்கள் மூன்று பேர். டீச்சர் ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வாசிப்பவர். அண்ணன் தோட்டத் திருவிழாக்களில் மியூசிக்கல் ஷோ குழுக்களோடு ஊர் ஊராகப் போய் பேஸ் கிட்டார் வாசித்தவர். நான் டிரம்ஸ். வயதில் நான்தான் இளையவன். ஆனால் ஜாஸ் வாசிக்கலாம் என்று சேர்ந்த முதல் நாளே டீச்சர் சொல்லிவிட்டார்: "குழு உன்னோடது தம்பி. நீ எண்ணு, நாங்க வர்றோம்." எனக்கு அது சரியாகப் படவில்லை. பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கும் இடத்தில், பின்னால் உட்கார்ந்திருக்கிற ஒருவன் எப்படி நடத்துவது? அதுவும் மெட்டு வாசிக்காத ஒருவன்?

ஜாஸில் பியானோ, பேஸ், டிரம்ஸ் மூன்றும் சேர்ந்த குழுவுக்குப் பியானோ டிரியோ என்று பெயர். இசைத்தட்டின் அட்டையில் பெரும்பாலும் பியானோ வாசிப்பவர் பெயர்தான் இருக்கும். ஆஸ்கர் பீட்டர்சன் டிரியோவில் 1959 முதல் 1965 வரை டிரம்ஸ் வாசித்தவர் எட் திக்பென். அவர் குச்சிக்குப் பதிலாகக் கையில் கம்பி பிரஷ் எடுத்தால் அந்தக் குழுவே வேறு மாதிரி மூச்சு விடும், இருந்தாலும் குழு பீட்டர்சனுடையது. அதில் தப்பு ஒன்றும் இல்லை, உலகம் முழுக்க அதுதான் வழக்கம். இதற்கு எதிர்ப்பக்கமாக டிரம்மர் தன் பெயரில் நடத்திய பியானோ டிரியோக்கள் இருக்கின்றன, எண்ணிக்கையில் குறைவு. டீச்சர் சொன்னதை விளங்கிக்கொள்ள நான் அவற்றைத் தேடித் தேடிக் கேட்க ஆரம்பித்தேன்.

முதலில் கிடைத்தது ஷெல்லி மேன். 1956 ஆகஸ்டில், அந்த வருஷம் நியூயோர்க்கில் மேடையேறிய 'மை ஃபேர் லேடி' என்ற இசை நாடகத்தின் பாட்டுகளை மட்டும் எடுத்து, பியானோவில் ஆந்த்ரே பிரெவின், பேஸில் லெராய் வினிகர், டிரம்ஸில் தான் என்று ஒரு இசைத்தட்டு பதிவு செய்தார். 'ஷெல்லி மேனும் நண்பர்களும்' என்ற அர்த்தத்தில்தான் குழுவுக்கே பெயர். நன்றாக விற்ற தட்டு அது. கேட்டால் முன்னால் நிற்பது பிரெவினுடைய பியானோதான். மேன் எங்கேயும் தன்னைக் காட்டிக்கொள்ள ஐந்து நிமிஷம் தனியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் எந்தப் பாட்டு வேகமாகப் போகும், எது திடீரென்று அடங்கும், எங்கே இடைவெளி விழும் என்பதெல்லாம் டிரம்ஸ் பக்கத்திலிருந்து வருகிற மாதிரி இருக்கும். 1958-ல் டிரம்மர் ராய் ஹெய்ன்ஸ், பியானோவில் ஃபீனியஸ் நியூபோர்ன், பேஸில் பால் சேம்பர்ஸ் சேர்ந்து பதிவு செய்த 'வீ த்ரீ' தட்டும் அப்படித்தான், கொஞ்சம் கூரானது. ஹெய்ன்ஸ் 2024 நவம்பரில் 99 வயதில் காலமானார், செய்தியைப் பார்த்த அன்று இரவு அந்தத் தட்டை முழுக்கக் கேட்டேன். இப்போதும் வாசிப்பவர்களில் ஜெஃப் ஹாமில்டன் இருக்கிறார், 1953-ல் பிறந்தவர், தன் பெயரிலேயே டிரியோ நடத்துகிறார். பிரஷ் கற்க விரும்புகிறவர்கள் அவருடைய காணொளிகளைப் பார்க்க வேண்டும், கை எங்கே சுற்றுகிறது என்று தெளிவாகத் தெரியும்.

ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தவர் ஜோ ஜோன்ஸ். 1911-ல் பிறந்தவர், முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் கவுண்ட் பேசியின் பெரிய குழுவில் வாசித்தவர். அதற்கு முன்னால் டிரம்மர்கள் தாளத்தைக் காலால், பெரிய பாஸ் டிரம்மில் தும் தும் என்று போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜோன்ஸ் அந்த வேலையை ஹை-ஹாட்டுக்கு, அதாவது காலால் மூடித் திறக்கிற அந்த ஜோடிச் சிம்பலுக்கு மாற்றினார். பாரம் இறங்கிவிட்டது. அதே நாலு எண்ணிக்கைதான், ஆனால் தரையில் இடிக்காமல் காற்றில் போகிறது. இன்றைக்கு உலகத்தில் யார் ஸ்விங் வாசித்தாலும் அந்த மாற்றத்தின் மேல் நின்றுதான் வாசிக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அவர் ஐம்பதுகளின் கடைசியில் ரே பிரையன்ட், டாமி பிரையன்ட் என்ற சகோதரர்கள் இருவரோடு பியானோ டிரியோவாக இரண்டு தட்டுகள் வாசித்தார். ஒன்றின் பெயர் 'ஜோ ஜோன்ஸ் பிளஸ் டூ', மற்றது 'ஜோ ஜோன்ஸ் டிரியோ'. அந்தச் சகோதரர்கள் அவரைவிட ஏறக்குறைய இருபது வயது இளையவர்கள். தட்டு முழுக்க ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, "சொல்லு, நீ சொல்லு, நான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். ரே பிரையன்ட் பியானோவில் ஒரு வாக்கியத்தை முடிக்கிற இடத்தில் ஜோன்ஸ் பிரஷால் ஒரு சின்னத் தட்டு தட்டுவார், பெரியவர்கள் பேச்சுக் கேட்கும்போது "ம்" கொட்டுகிற மாதிரி. அந்த "ம்" இல்லாவிட்டால் யாரும் தொடர்ந்து கதை சொல்ல மாட்டார்கள். சில இடங்களில் குச்சி, பிரஷ் எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டு வெறும் கையால் வாசிக்கிற பழக்கமும் அவருக்கு உண்டு. அந்தக் காணொளியை முதல் தடவை பார்த்தபோது எழுந்து நின்றுவிட்டேன். தோலைக் கையால் தொட்டு வாசிப்பது நமக்குத் தெரிந்த விஷயம்தானே.

பிரஷ் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெல்லிய கம்பிகளை விசிறி மாதிரி விரித்துக் கட்டிய ஒரு பிடி, அவ்வளவுதான். இடது கையால் ஸ்னேர் டிரம்மின் முகத்தில் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும், வலது கையால் அதன் மேல் தாளத்தைத் தட்ட வேண்டும். தேய்ப்பு நின்றால் உயிர் போய்விடும். நான் இதைக் கற்றுக்கொண்டது லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் ஒரு அறையில். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, பக்கத்துக் காம்பராவுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு சுவர், மேலே கூரை ஒன்றுதான். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். காலையில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற சனம் எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிடும், அந்த நேரத்தில் குச்சி எடுத்து ஒரு அடி அடிக்க முடியாது. ஒரு கார்ட்போர்ட் பெட்டியைக் கவிழ்த்து, மேலே செய்தித்தாளைப் பசை போட்டு ஒட்டி, அதில் பிரஷைத் தேய்த்துத்தான் இரண்டு வருஷம் பழகினேன். யாரும் எழும்பியதில்லை. எங்களுக்கு வீடும் லயம்தான், சங்கீதத்தில் தாள ஓட்டத்துக்குச் சொல்வதும் லயம்தான். சின்ன வயதில் இரண்டும் ஒரே சொல் என்று நம்பிக்கொண்டிருந்தேன், லைன் என்பதிலிருந்து வந்தது ஒன்று, சமஸ்கிருதம் மற்றது என்று பிறகு தெரிந்தது. தெரிந்த பிறகும் என் மனதில் அவை பிரியவில்லை.

சரி, ஸ்விங் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு. புத்தக விளக்கங்கள் நிறைய இருக்கின்றன, நான் அண்ணனுக்கு விளங்கப்படுத்தியதைச் சொல்கிறேன். ஒரு எண்ணிக்கையை மூன்றாகப் பிரியுங்கள், தகிட தகிட என்று. இப்போது நடுவில் இருக்கிற 'கி'யை வாயை மூடிக்கொண்டு விழுங்குங்கள். த—ட த—ட. முதல் பாதி நீளம், இரண்டாவது குட்டை. ரைட் (ride) என்கிற பெரிய சிம்பலில் வலது கை டிங், டிங்-க-டிங் என்று போவது இந்தக் கணக்கில்தான். வேகம் கூடக் கூட அந்த நீளக் குட்டை வித்தியாசம் சுருங்கி ஏறக்குறையச் சமமாகிவிடும், அதனால் கணக்குப் போட்டு வாசித்தால் வராது, காதில் ஏற வேண்டும். கால் ஹை-ஹாட்டை இரண்டிலும் நாலிலும் மூடும். நம் ஆட்கள் கை தட்டினால் ஒன்றிலும் மூன்றிலும் விழும், அதை மாற்றிக்கொள்ள எனக்கு மாதக்கணக்காயிற்று. பாஸ் டிரம்மில் நாலு எண்ணிக்கையும் உண்டு, ஆனால் இறகால் தொடுகிற மாதிரி. கேட்கக் கூடாது, இல்லாமல் போனால் மட்டும் தெரிய வேண்டும்.

அண்ணனுக்குச் சிக்கல் வேறு. அவர் கை பைலாவில் ஊறியது. இலங்கையில் எந்த மேடையானாலும் கடைசி அரை மணி நேரம் பைலாதான், ஆறெட்டுத் தாளம், துள்ளிக்கொண்டே இருக்கும். அதிலும் மூன்று மூன்றாகத்தான் பிரிகிறது, அதனால் ஸ்விங் வாசிக்கச் சொன்னால் அவர் கை தன்னாலே பைலாவுக்கு ஓடிவிடும். "அண்ணே, துள்ளாதீங்க, நடங்க" என்று சொல்லிப் பார்த்தேன். கடைசியில் சரியானது எப்படியென்றால், கூடை நிறையக் கொழுந்தோடு ஏற்றத்தில் ஏறுகிறவர்களை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். அவர்கள் ஓடுவதில்லை, நிற்பதுமில்லை. ஒவ்வொரு அடியும் அடுத்த அடிக்காக வைக்கப்படுகிறது. நாலு எண்ணிக்கைக்கு நாலு சுரம், ஒவ்வொன்றும் அடுத்ததை நோக்கிச் சாய்ந்தபடி. ஆங்கிலத்தில் இதற்குப் பேரே நடக்கும் பேஸ்தான், நாமும் தாளத்தின் உட்பிரிவை நடை என்றுதான் சொல்கிறோம். அன்றைக்குப் பியானோ காய்ந்துகொண்டிருந்த ஒரு மணி நேரமும் நாங்கள் செய்தது இந்த நடைதான். பாதியில் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, மடியில் இருந்த பையில் இரண்டிலும் நாலிலும் விரலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

இனி நுவரெலியாக் கதைக்கு வருகிறேன். ஒரு ஏப்ரல் சீசனில் அங்கே ஒரு ஹோட்டலில் மூன்று இரவு வாசிக்கக் கூப்பிட்டார்கள். பெயர் வேண்டாம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பியானோ இசை என்று எழுதி டீச்சர் பெயரைப் போட்டிருந்தார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பொறுப்பாக இருந்தவர் என்னைப் பார்த்து, "மேளத்தக் கொஞ்சம் பின்னால, அந்தத் திரைக்கு அந்தப் பக்கமா வச்சிக்க முடியாதா? சாப்பிடுற ஆட்களுக்கு இடைஞ்சல்" என்றார். இன்னும் ஒரு அடிகூட நான் அடிக்கவில்லை. டீச்சர் எதுவும் பேசவில்லை, பியானோவைத் தள்ளுகிறதற்கு இரண்டு பேரைக் கூப்பிட்டு, பியானோவையே என் டிரம்ஸ் இருந்த மூலைக்குக் கொண்டுவரச் செய்தார். "எனக்கு இவன் முகம் தெரியணும்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது இரவு அது நடந்தது. 32 பார் (bar, ஒவ்வொன்றும் நாலு எண்ணிக்கை) கொண்ட ஒரு பழைய பாட்டு. அமைப்பு எளிது, பல்லவி இரண்டு தடவை, நடுவில் அனுபல்லவி மாதிரி ஒரு பகுதி, பிறகு மறுபடி பல்லவி, ஒவ்வொன்றும் எட்டு பார். இந்தச் சுற்று முடிய முடிய அதே சுற்றின் மேல் ஒவ்வொருவராகக் கற்பனை செய்து வாசிப்பார்கள். டீச்சர் மூன்றாவது சுற்றில் இரண்டாவது பல்லவியை விட்டுவிட்டு நேராக நடுப்பகுதிக்குப் போய்விட்டார். அண்ணன் போகவில்லை. நாலு பார் தூரத்துக்கு இரண்டு பேரும் வேறு வேறு இடத்தில் இருந்தார்கள். டீச்சர் கழுத்து விறைத்ததை நான் பார்த்தேன். யோசிக்க நேரமில்லை. பிரஷ் தேய்ப்பைக் கொஞ்சம் அகலமாக்கி, அண்ணனைப் பார்த்துத் தலையை ஆட்டி டீச்சர் இருக்கும் இடத்துக்கு வரச் சொன்னேன், நடுப்பகுதி முடிகிற இடத்தில் ஸ்னேரில் ஒரு சின்ன உருட்டு, அடுத்த ஒன்றில் சிம்பலில் ஒரே ஒரு தட்டு. இதுதான் பல்லவி, இங்கே வாருங்கள் என்று. இரண்டு பேரும் ஒன்றாக வந்து இறங்கினார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருவருக்கும் எதுவும் தெரியாது. பாட்டு முடிந்ததும் டீச்சர் திரும்பி, "இதுக்குத்தான் சொன்னேன்" என்றார்.

எனக்கு அப்போது தாத்தா ஞாபகம் வந்தது. அவர் எங்கள் தோட்டத்தில் தப்பு, அதாவது பறை, அடித்தவர். 1820களிலிருந்து தென்னிந்தியாவிலிருந்து காப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்த சனத்தோடு வந்த தோல் அது. பழைய காலத்தில் விடியற்காலையில் சனத்தைப் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, கூப்பிட்டதும் தப்புதான். சாமிக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி, கல்யாணத்துக்கு ஒரு அடி. மாசியில் மன்மதன், ரதி கதையை ஆடுகிற காமன் கூத்து நடந்தால் இரவு முழுக்க அவர்தான். பனிக்குத் தோல் தொய்ந்துவிடும், கூத்துக்களத்துக்குப் பக்கத்தில் கடதாசி, சருகு கொளுத்தி, அதில் தப்பைக் காய்ச்சிக் காய்ச்சி எடுத்து அடிப்பார். ரதியாக வேஷம் கட்டியவர் ஒரு இடத்தில் அடியை மறந்து நின்றுவிட்டால், தாத்தா அந்தச் சுற்றையே இன்னும் இரண்டு சுற்று நீட்டுவார், ஒன்றும் நடக்காத மாதிரி. ஆடுகிறவர் ஆடிக்கொண்டே இருக்கும்போது வரி ஞாபகத்துக்கு வந்துவிடும். அந்தக் கூத்தை நடத்தியவர் அவர்தான் என்பது ஆடியவர்கள் எல்லாருக்கும் தெரியும். விடிந்த பிறகு தேத்தண்ணி கொடுக்கும்போது மட்டும் அவருக்குத் தனிக் கோப்பை, தனியே ஓரத்தில். அதை நான் பார்த்திருக்கிறேன், மறக்கப் போவதில்லை. அதனால்தான் ஒரு தட்டின் அட்டையில் ஜோ ஜோன்ஸ் பெயரைப் பெரிதாகவும் "பிளஸ் டூ" என்று மற்றவர்களைப் பின்னாலும் போட்டிருப்பதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பியானோ வாசிப்பவர்களுக்கு இது ஒரு தட்டின் பெயர். எங்கள் வீட்டில் இது வேறு.

கடைசி இரவு இடைவேளையில் சாப்பாடு பரிமாறுகிற பையன் ஒருவன் என்னிடம் வந்தான். பேச்சைக் கேட்டாலே தோட்டத்துப் பையன் என்று தெரிந்தது. "அண்ணே, அது என்னாண்ணே சத்தம், அரிசி பொடைக்கிற மாதிரி?" பிரஷை அவன் கையில் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் அப்பாயியின் சுளகை எடுத்து, கவிழ்த்துப் பிடித்து, பிரஷைத் தேய்த்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. இப்போது மெதுவான பாட்டு ஒன்றை எடுக்கும்போது, எண்ணுவதற்கு முன்னால், அப்பாயி திண்ணையில் உட்கார்ந்து புடைக்கிற கையை ஒரு தடவை நினைத்துக்கொள்கிறேன். அந்த வேகம் சரியாக வரும்.

1958-ல் அமெரிக்க ஜாஸ் பியானோக் கலைஞர் டேவ் புரூபெக்கின் குழு இந்தியா, இலங்கை வழியாகப் பயணம் செய்தபோது அவர்களுடைய டிரம்மர் ஜோ மொரெல்லோ சென்னையில் மிருதங்கம் வாசிப்பவர்களோடு சேர்ந்து வாசித்தார். அந்தப் பயணத்தில் ஒரு தப்புக்காரரும் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். இரண்டு பேர் மாறி மாறி நாலு நாலு பார் வாசித்துப் பதில் சொல்கிற வழக்கம் ஜாஸிலும் இருக்கிறது, தப்பிலும் இருக்கிறது. அடுத்ததாக நாங்கள் செய்யப் போவது அதுதான். தாத்தாவின் தப்பு சித்தப்பா வீட்டில் இருக்கிறது, தோல் புதிதாகக் கட்ட வேண்டும். டீச்சர் சம்மதித்துவிட்டார், மண்டபத்துக்குள் நெருப்பு மூட்டக் கூடாது, வெளித் திண்ணையில் வைத்துக் காய்ச்சிக்கொள் என்பது மட்டும் அவருடைய நிபந்தனை.

அப்புறம் ஒரு விஷயம். அண்ணன் இன்னும் பேஸ் கிட்டாரில்தான் வாசிக்கிறார், மரத்தில் செய்த பெரிய டபுள் பேஸ் ஒன்று கிடைத்தால் அந்த நடையே மாறிவிடும். மலையகத்தில் எந்தப் பழைய பங்களாவிலோ, கிளப்பிலோ, சேர்ச்சிலோ ஒன்று சுவரில் சாய்ந்து தூசு பிடித்துக் கிடந்தால் எனக்குச் சொல்லுங்கள். நரம்பு அறுந்திருந்தாலும் பரவாயில்லை. ஹட்டனிலிருந்து பதுளை வரைக்கும் எங்கே என்றாலும் ரயிலில் வந்து தூக்கிக்கொண்டு போகிறோம்.